காய்ச்சலும் குடும்ப வரலாறும்

(வ. புதுப்பட்டியில் பொதுமக்கள் முன்னிலையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியிருக்கிறது. கண்மாய் நிறைந்து நடவு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். தென்னந்தோப்புகளில் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. பார்க்கக் குளுமைதான். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு இது காய்ச்சல் காலம். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், நிமோனியா என்று வந்துகொண்டே இருப்பார்கள். பெரும்பாலானோர் ஒரு வாரத்தில் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். சிலர் மட்டும் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ மளமளவென்று சரிவார்கள். மூச்சு இரைக்கும், சிறுநீர் நின்றுபோகும், பேச்சு குழறும். ஒரே தோப்பில் வேலை பார்த்த அண்ணன் கஞ்சி குடித்துத் தேறிவிடுவார், தம்பியை ஆம்புலன்ஸில் மதுரைக்கு ஏற்ற வேண்டி வரும்.

"ரெண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல்தானே டாக்டர், இவனுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று வீட்டார் கேட்பார்கள். ஐசியூ வாசலில் நின்று அதற்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது. இன்று இருக்கிறது.

தம்பிக்கு வந்த அந்த நிலைக்குப் பெயர் செப்சிஸ். உடம்பில் எங்கோ ஒரு கிருமி நுழைகிறது. அது நுழையும் இடம் நுரையீரலாக இருக்கலாம், சிறுநீர்ப் பாதையாக இருக்கலாம், சர்க்கரை உள்ளவரின் காலில் ஆறாத புண்ணாக இருக்கலாம். அதை எதிர்க்க நம் உடம்பு காட்டும் எதிர்வினை நெறிகெட்டுப் போய், நம் உறுப்புகளையே சிதைக்கத் தொடங்குகிறது. 2016-இல் உலக வல்லுநர்கள் கூடி வகுத்த இலக்கணமும் இதுதான்: கிருமித் தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுக்கடங்காத எதிர்வினையால் உயிருக்கு ஆபத்தான அளவில் உறுப்புகள் செயலிழப்பது. உலகில் 2017-ஆம் ஆண்டில் மட்டும் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்தது, அதில் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்று லான்செட் இதழில் 2020-இல் கணக்கிட்டார்கள். அந்த ஆண்டு உலகில் நடந்த சாவுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஆனாலும் சாவு வீட்டில் செப்சிஸில் போனார் என்று யாரும் சொல்வதில்லை. காய்ச்சல் வந்து போய்விட்டார், கிட்னி போய்விட்டது, நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்பார்கள். அவற்றில் பல செப்சிஸ்தான்.

ஏன் ஒருவருக்கு முற்றுகிறது, இன்னொருவருக்கு முற்றுவதில்லை? முதலில் தெரிந்த காரணங்கள். வயது, சர்க்கரை நோய், குடியால் கெட்ட ஈரல், சத்துக்குறைவு, எல்லாவற்றையும்விடத் தாமதம். மூன்று நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரை, இரண்டு நாள் தெரிந்தவர் போட்ட ஊசி, அதற்குப் பிறகு மருத்துவமனை என்று வருகிறவர்களைத்தான் அதிகம் இழக்கிறோம். இவை எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு வேறுபாடு மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தின் ஒரு பகுதி, பெற்றோரிடமிருந்து நமக்கு வந்த மரபணுக்களில் இருக்கிறது.

இதை எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நோய் வந்தால் ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஒரே வறுமை காரணமாக இருக்கலாமே! இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு. 1924 முதல் 1926 வரை பிறந்து, சிறு வயதிலேயே உறவில்லாதவர்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் உள்ள 960 குடும்பங்களை சோரன்சனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1988-இல் வெளியிட்டார்கள். பெற்றவர் ஒருவர் 50 வயதுக்குள் தொற்று நோயால் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த அந்தப் பிள்ளையும் தொற்று நோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய ஆறு மடங்கு. வளர்த்தவர் தொற்றால் இறந்திருந்தால் அப்படி எந்த உயர்வும் இல்லை. வியப்பு என்னவென்றால், புற்றுநோயில் இது தலைகீழாக இருந்தது. பெற்றவர் புற்றுநோயால் இறந்தது பிள்ளையைப் பெரிதாகப் பாதிக்கவில்லை, வளர்த்தவர் இறந்ததுதான் பாதித்தது. பரம்பரை நோய் என்று நாம் அஞ்சும் புற்றுநோயைவிட, பரம்பரைக்குச் சம்பந்தமே இல்லை என்று நினைக்கும் தொற்றுச் சாவில் பரம்பரையின் கை ஓங்கி இருந்தது. அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு, ஒரு நோயாளியிடம் நான் கேட்கும் கேள்விகளே மாறிப்போயின.

சரி, எந்த மரபணு, எப்படி? இதற்கு ஒரு சுண்டெலியிடம் போக வேண்டும். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஒரு வகை எலிக்கு விசித்திரமான குணம் உண்டு. டைபாய்டு இனத்தைச் சேர்ந்த கிருமிகளின் மேலுறையில் உள்ள நச்சை மட்டும் பிரித்தெடுத்து, மற்ற எலிகளைக் கொல்லும் அளவுக்கு ஊசியில் ஏற்றினாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. காய்ச்சல் இல்லை, அதிர்ச்சி இல்லை. ஆனால் அதே இனத்து உயிருள்ள கிருமிகளை மிகக் குறைவாக விட்டாலும் இது செத்துவிடும். பல ஆண்டு புரியாமல் இருந்த இந்தப் புதிரை அமெரிக்காவில் புரூஸ் பியூட்லர் 1998-இல் விடுவித்தார். கிருமியின் மேலுறையை அடையாளம் கண்டு அபாயக் குரல் எழுப்பும் ஒரு புரதம், டிஎல்ஆர்-4 என்று பெயர், அந்த எலியில் அதற்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வேலை செய்யவில்லை. குரல் எழும்பாததால் நச்சு உள்ளே வந்தும் உடம்பு தன்னைத் தானே சிதைத்துக்கொள்ளவில்லை. அதே குரல் எழும்பாததால், உயிருள்ள கிருமி பெருகும்போது தடுக்க ஆளும் வரவில்லை. பியூட்லருக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது.

செப்சிஸ் மரபியலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த எலிதான். "எதிர்ப்புச் சக்தி அதிகம் இருந்தால் நல்லது" என்று விளம்பரங்கள் ஓயாமல் சொல்கின்றன. செப்சிஸில் அந்தக் கணக்கு செல்லாது. எதிர்வினை குறைந்தால் கிருமி கொல்லும், மிஞ்சினால் நம் எதிர்வினையே கொல்லும். இரண்டுக்கும் நடுவே எந்த அளவில் ஒருவர் பிறந்திருக்கிறார் என்பதை பல சிறு மரபணு மாற்றங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த அபாயக் குரலை அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் இன்னொரு புரதத்தின் மரபணுவில், பெற்றோரிடமிருந்து வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் ஒரு மாற்றம் இருப்பவர்களுக்கு நிமோனியாக் கிருமி ரத்தத்தில் கலப்பதும், மலேரியாவும், காசநோயும் குறைவாக வருகின்றன என்று 2007-இல் பிரிட்டன், வியட்நாம், ஆப்பிரிக்க நாடுகளில் கண்டார்கள். எல்லாப் பின்னாய்வுகளும் அதை ஆமோதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2015-இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில் ஃபெர் என்ற மரபணுவைப் பிடித்தார்கள். நிமோனியாவால் செப்சிஸ் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தவர்களில், காக்கும் வகையின் இரண்டு பிரதிகளும் உள்ளவர்களில் 100-க்கு 10 பேருக்கும் குறைவாகவே 28 நாளுக்குள் இறந்தார்கள். ஒரு பிரதி உள்ளவர்களில் 15 பேர். அது இல்லாதவர்களில் 25 பேர். அதே மருந்து, அதே கருவிகள், அதே ஐரோப்பிய மருத்துவமனைகள். வயிற்றுத் தொற்றால் செப்சிஸ் வந்தவர்களிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை. கிருமி எங்கே நுழைந்தது என்பதைப் பொறுத்துக்கூட மரபணுவின் பங்கு மாறுகிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். கொரோனாவில் ஐசியூவுக்குப் போனவர்கள் பலருக்கு வந்ததும் வைரஸால் வந்த செப்சிஸ்தான். 2020-இல் ஸ்வாந்தே பாபோ, ஹூகோ சீபெர்க் என்ற ஆய்வாளர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். கொரோனாவை முற்றச் செய்யும் ஒரு மரபணுத் துண்டு, நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து நமக்கு வந்தது. ஐரோப்பியர்களில் 100-க்கு 16 பேரிடம் இருக்கும் அது, தெற்காசியர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருக்கிறது. அப்படியானால் நாம்தானே அதிகம் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்? ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் பனாரஸ் பல்கலைக்கழகத்தின் ஞானேஷ்வர் சௌபேயும் அடங்கிய குழு இந்திய மாநிலங்களின் தொற்று, இறப்புக் கணக்குகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து, இங்கே அப்படியொரு தொடர்பு தெரியவில்லை என்று 2021-இல் எழுதியது. ஐரோப்பியர் ரத்தத்தில் கண்டதை அப்படியே தூக்கி நம் தலையில் வைக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நம் ரத்தத்தை நாமே ஆராய வேண்டும். அந்த வேலையை நம் பக்கத்திலேயே பலருக்கு முன்னால் தொடங்கியவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்த ராமசாமி பிச்சப்பன். எதிர்ப்பாற்றலைத் தீர்மானிக்கும் எச்எல்ஏ மரபணுக்களைத் தென் தமிழ்நாட்டு மக்களிடம் அவர் ஆராய்ந்தார். நுரையீரல் காசநோய் வந்தவர்களிடம் டிஆர்-2 என்ற வகை கூடுதலாக இருப்பதை அவருடைய குழு 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. காசநோயும் செப்சிஸும் வேறு வேறு. ஆனால் "யாருக்கு முற்றும்?" என்ற கேள்வி ஒன்றுதான். அதை மதுரையில் உட்கார்ந்து கேட்டவர் அவர். இங்கே உள்ள மாணவர்கள் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டு மரபணுவில் ஒரு தனித்தன்மை உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடித்து வந்ததால், மக்கள்தொகை பெரிதாக இருந்தும் நாம் உண்மையில் ஆயிரக்கணக்கான சிறு சிறு கூட்டங்களாக வாழ்கிறோம். 2017-இல் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் மற்றவர்களும் தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட மக்கள் குழுக்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகியவை. ஒரு சாதி உயர்ந்தது, ஒரு சாதி தாழ்ந்தது என்பதற்கு இதில் துளியும் இடமில்லை. அடைத்து வைத்த எந்தக் கூட்டத்திலும் ஒரு மூதாதையரிடம் இருந்த பழுது பலரிடம் தங்கிவிடும், அவ்வளவுதான். இதை யாராவது சாதிப் பெருமைக்கோ சாதி இழிவுக்கோ பயன்படுத்தினால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.

சொந்தத்தில் மணம் முடிப்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெண்கள் உறவுக்குள் மணமானவர்கள். ஒரு பாட்டியிடம் எதிர்ப்பாற்றல் மரபணு ஒன்றின் பழுதான பிரதி இருக்கிறது என்று வையுங்கள். இன்னொரு பிரதி நன்றாக இருப்பதால் அவருக்கு எந்தக் குறையும் இருக்காது. அவருடைய பேரன் பேத்திகளான அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பழுது இரண்டு பிரதியாகச் சேரும் வாய்ப்பு 64-ல் ஒன்று. அவருடைய மகன் தன் அக்காள் மகளை மணந்தால் 32-ல் ஒன்று. அந்நியத்தில் மணந்தால் இது மிக மிகக் குறைவு. 32-ல் ஒன்று என்றால் 31 குழந்தைகள் நலமாக இருப்பார்கள் என்பதும் உண்மைதான். "எங்க தாத்தா பாட்டி எல்லாம் நல்லாத்தானே இருந்தாங்க" என்று சொல்வதற்கு அந்த 31 பேர்தான் சாட்சி. அந்த ஒரு குழந்தையின் வீட்டுக்குத்தான் நான் போய்வர வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட குழந்தையை எப்படி அடையாளம் காண்பது? இங்கே பாட்டிமார்கள் உதவி வேண்டும். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழுந்துவிடும். மூன்று நான்கு வாரம் ஆகியும் விழவில்லை, கொப்பூழைச் சுற்றிச் சிவந்திருக்கிறது, ஆனால் சீழ் வைக்கவில்லை என்றால் அசட்டையாக இருக்கக் கூடாது. ரத்த வெள்ளணுக்கள் ரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு வெளியே இறங்கும் திறன் பிறவியிலேயே இல்லாத ஒரு நோய் உண்டு. சீழ் என்பதே செத்த வெள்ளணுக்கள்தான். அவை புண்ணுக்கு வந்து சேராததால்தான் சீழ் இல்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் ஏராளமாக இருக்கும், புண்ணில் ஒன்றுகூட இருக்காது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் இதைக் குணப்படுத்தலாம். ஆனால் குழந்தை செப்சிஸில் போவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும்.

2003-இல் பிரான்சின் ழான்-லோரான் காசனோவா குழு கண்டறிந்த இன்னொரு பிறவிக் குறைபாட்டில் காய்ச்சலே சரியாக வராது. குழந்தைக்கு நிமோனியாக் கிருமியால் மூளைக்காய்ச்சல், ரத்தத் தொற்று என்று அடுத்தடுத்து வரும். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடாது. ஆய்வகச் சோதனையிலும் முதல் நாள் பெரிதாக ஒன்றும் காட்டாது. நாம் முன்பு பார்த்த எலியின் கதைதான், மனிதக் குழந்தையில். கணிசமான குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்துவிடுகிறார்கள். தடுப்பூசியும் அன்றாட மருந்தும் கொடுத்துப் பதின்ம வயது வரை கொண்டுவந்துவிட்டால் பிறகு கடுமையான தொற்று அரிதாகவே வருகிறது. ஆகவே, "குழந்தைக்குச் சூடு இல்லை, காலையில பாத்துக்கலாம்" என்று எல்லாக் குழந்தைக்கும் ஒரே கணக்குப் போடாதீர்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் குழந்தை, சூடு இல்லாவிட்டாலும் அவசரம்தான்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். செப்சிஸில் உடலின் எதிர்வினையை அடக்கினால் போதும் என்று பல ஆண்டுகள் மருந்து மருந்தாகச் சோதித்தார்கள். அந்த டிஎல்ஆர்-4 புரதத்தையே அடைக்கும் எரிடோரன் என்ற மருந்து பெரிய சோதனையில் உயிரைக் காக்கவில்லை என்று 2013-இல் கட்டுரை வெளியானது. ஏன் தோற்றது? நோயாளிகள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜூலியன் நைட் குழு 2016-இல் செப்சிஸ் நோயாளிகளின் வெள்ளணுக்களில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று பார்த்து அவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவில் எதிர்ப்பாற்றல் களைத்துப்போயிருந்தது, அவர்களே அதிகம் இறந்தார்கள். மற்றப் பிரிவினருக்கு ஸ்டீராய்டு கொடுத்தபோது, கொடுக்காதவர்களைவிட அதிகமானோர் இறந்தார்கள் என்று 2019-இல் ஒரு பின்னாய்வு காட்டியது. ஐசியூவில் மருத்துவர் நிலைமை பார்த்து ஸ்டீராய்டு கொடுப்பது வேறு. "ஒரே ஊசியில காய்ச்சல் நிக்கணும்" என்று நாம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோமே, அந்தச் சிரிஞ்சில் பல நேரம் இருப்பதும் ஸ்டீராய்டுதான். காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி உள்ளே வேலையைத் தொடரும். தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஆக, இன்று இந்த ஊரில் காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒருவருக்கு மரபணுச் சோதனை செய்து மருந்து தேர்ந்தெடுக்கும் நிலை வரவில்லை. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அடிக்கடி கடும் தொற்று வரும் குழந்தைக்கு மட்டும் அந்தச் சோதனை இன்றே பயன்படும்.

மரபணுச் சோதனை இல்லாமலே இன்று என்ன செய்யலாம் என்பதற்கு நம் மலையடிவாரத்தின் உண்ணிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருகிறது. கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், இடுப்பில் துணி இறுக்கும் இடம், தொடையிடுக்கு, மார்பகத்துக்கு அடியில், காதுக்குப் பின்னால் என்று ஒளிந்திருக்கும். கூச்சத்தால் காட்டாமல் விட்டுப் போன உயிர்கள் உண்டு. பெண்களிடம் பெண்களே விளக்குப் பிடித்துப் பாருங்கள். பார்த்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் பென்சிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரை கேட்கும். முற்றிவிட்டவர்களுக்கு என்ன செய்வது என்பதையும் நம் நாட்டிலேயே கண்டறிந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் 794 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-இல் வந்தது. டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றியவர்களில் 33 சதவீதத்தினர் இறந்தார்கள் அல்லது அவர்களுக்குக் காய்ச்சலோ சிக்கலோ நீடித்தது. இரண்டில் ஒரு மருந்தை மட்டும் பெற்றவர்களில் அது 47, 48 சதவீதம். இந்த நோயில் யாருடைய மரபணு யாரைக் காக்கிறது என்பதையும் நம் நோயாளிகளிடமே ஆராய வேண்டும், விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் போன்றவர்கள் அதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக உங்களிடம் நான் கேட்பது. ஆஸ்பத்திரிக்குப் போனால் "வீட்டில யாருக்காவது சர்க்கரை, பிரஷர், நெஞ்சுவலி உண்டா?" என்று கேட்போம், நீங்களும் சொல்வீர்கள். "வயசாகும் முன்னே யாராவது காய்ச்சல்ல இறந்தாங்களா?" என்று நாங்களும் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. இனிச் சொல்லுங்கள். பெற்றவரோ உடன்பிறந்தவரோ 50 வயதுக்குள் காய்ச்சல், சளி, புண், பிரசவத் தொற்று என்று எதிலாவது இறந்திருந்தால், குழந்தைகள் தொற்றில் அடுத்தடுத்துப் போயிருந்தால், ரேஷன் கார்டும் ஆதாரும் இருக்கும் பையில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்களைப் போல மூன்று நாள் பார்க்காதீர்கள், முதல் நாளே போங்கள். எந்த வீடானாலும் மூச்சு வேகமாக வாங்கினால், அரை நாளாகச் சிறுநீர் போகவில்லையென்றால், பிதற்றினால், கை கால் சில்லிட்டுத் தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறினால், அப்போதே 108-ஐ அழையுங்கள். இரவு என்று பார்க்காதீர்கள். ஏறும்போது அந்தத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.